மாத்திரை போட்டால் உடம்பு போட்டுவிடுமா?

மாதவிலக்கு வலி தாங்காமல் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ, சிதம்பரம் அண்ணாமலை நகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வரும் பெண்ணுக்கு டாக்டர் ஹார்மோன் மாத்திரை எழுதித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கூட வந்த அம்மாவின் மனதில் உடனே இரண்டு கேள்விகள் எழும். “கல்யாணமே ஆகாத பெண்ணுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை எதற்கு?” என்பது ஒன்று. “இதைப் போட்டால் உடம்பு போட்டுவிடுமாமே?” என்பது இன்னொன்று. முதல் கேள்வியைத் தயங்கித் தயங்கியாவது கேட்டுவிடுவார்கள். இரண்டாவதைப் பெரும்பாலும் வீட்டுக்குப் போன பிறகுதான் பேசுவார்கள். அந்தப் பேச்சு முடியும்போது மாத்திரை அட்டை அலமாரிக்குள் போய்விடும். அடுத்த மாதம் வலி வழக்கம்போல வந்து நிற்கும்.

இந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமல்ல. “அதெல்லாம் ஒன்றும் ஆகாதும்மா” என்ற ஒற்றை வரியும் பதிலாகாது. இப்படிப்பட்ட கடும் வலிக்கு ஒரு காரணமான எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய்க்குத் தரப்படும் ஹார்மோன் மருந்துகளில் நான்கைந்து வகைகள் உண்டு; எடை விஷயத்தில் அவை எல்லாமே ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. எந்த மருந்து என்ன செய்யும் என்று பிரித்துப் பார்த்துவிட்டால், பயப்பட வேண்டிய இடம் எது, பயம் தேவையில்லாத இடம் எது என்று தெளிவாகத் தெரியும்.

நோய் என்ன?

கர்ப்பப்பையின் உட்சவ்வு மாதந்தோறும் தடித்து, கரு தங்காதபோது உதிர்ந்து மாதவிலக்காக வெளியேறுகிறது. அதைப் போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே, சினைப்பை, கருக்குழாய், குடல், சிறுநீர்ப்பை ஆகிய இடங்களில் வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். வயலுக்குள் முளைக்க வேண்டிய பயிர் வரப்பிலும் வாய்க்காலிலும் முளைத்துக் கிடப்பதைப் போன்றது இது. ஹார்மோன் ஏறி இறங்கும்போது அந்தத் திசுவும் தடிக்கிறது, கசிகிறது. ஆனால் கசிந்தது வெளியேற வழியில்லை. சுற்றிலும் அழற்சி உண்டாகித் தழும்பாகிறது. உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிக் கட்டியானால் அதைச் ‘சாக்லேட் கட்டி’ என்கிறார்கள். அந்தக் கட்டிகளை 1921-ல் விரிவாக ஆராய்ந்து எழுதியவர் ஜான் சாம்ப்சன் என்ற அமெரிக்க மருத்துவர். இன்று உலகில் குழந்தை பெறும் வயதிலிருக்கும் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு, இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இந்த வலி சாதாரண மாதவிலக்கு வலியைப் போன்றதல்ல. விலக்காவதற்குச் சில நாட்கள் முன்பே தொடங்கிவிடும். வழக்கமான வலி மாத்திரைக்கு அடங்காது. கல்லூரிக்கோ வேலைக்கோ போக முடியாதபடி படுக்கையில் தள்ளும். சிலருக்கு மலம் கழிக்கும்போதும், தாம்பத்திய உறவின்போதும் வலிக்கும். வயிறு உப்பிக்கொள்ளும், காரணமில்லாத சோர்வு வரும், கருத்தரிப்பது தாமதமாகலாம். “கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்”, “ஒரு பிள்ளை பெற்றுவிட்டால் சரியாகிவிடும்” என்று சொல்லியே பல வீடுகளில் ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. கர்ப்ப காலத்தில் வலி குறையலாம். அதன்பின் திரும்பியும் வரலாம். கல்யாணமும் பிள்ளைப்பேறும் இந்த நோய்க்கு மருந்தல்ல.

ஸ்கேன் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். திருமணமாகாத பெண்களுக்கு நம் ஊர்களில் பெரும்பாலும் வயிற்றின் மேல் வைத்துத்தான் ஸ்கேன் எடுக்கிறார்கள். சாக்லேட் கட்டி இருந்தால் அதில் தெரியலாம். படலம் படலமாகப் படர்ந்திருக்கும் திசு தெரியாமலும் போகலாம். ஆகவே ‘ஸ்கேன் நார்மல்’ என்று வந்தால் வலி பொய் என்று பொருளல்ல. வயிற்றில் சிறு துளையிட்டு உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோப்பி செய்து உறுதிப்படுத்திய பிறகுதான் மருந்து தொடங்க வேண்டும் என்ற கட்டாயமும் இப்போது இல்லை. அறிகுறிகளை வைத்தே மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்பதை ஐரோப்பிய மருத்துவர் சங்கமான எஷ்ரேயின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் ஏற்றுக்கொள்கிறது.

மாத்திரை எதற்கு?

அந்த அம்மாவின் முதல் கேள்விக்கு வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. ஈனோவிட் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 1957-ல் முதன்முதலாக அனுமதி கிடைத்தது மாதவிலக்குக் கோளாறுகளுக்காகத்தான். கருத்தடைக்கான அனுமதி 1960-ல் வந்தது. ஆக, இந்த மாத்திரைக்கு மருந்து என்ற வேலைதான் மூத்தது.

வேலை செய்யும் விதமும் எளிதுதான். மாத்திரை எடுக்கும்போது சினைப்பை ஓய்வெடுக்கிறது. முட்டை வெளிப்படுவது நிற்கிறது. ஹார்மோனின் மாதாந்திர ஏற்ற இறக்கம் அடங்குகிறது. கர்ப்பப்பையின் உட்சவ்வு மெலிந்தே இருக்கிறது. வெளியே படர்ந்த திசுவும் ஒடுங்குகிறது. கசிவு குறைய வலியும் குறைகிறது. சிலருக்கு இடைவெளியே விடாமல் தொடர்ந்து எடுக்கச் சொல்வார்கள். அப்போது மாதவிலக்கே வராமல் இருக்கலாம். “கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிடாதா?” என்று பலரும் பயப்படுகிறார்கள். தங்குவதற்கு உள்ளே எதுவும் சேரவில்லை. சவ்வு தடிக்காததால்தான் விலக்கு வரவில்லை.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: இது நோயைக் கட்டுக்குள் வைக்கும், வேரோடு அகற்றாது. நிறுத்தினால் வலி திரும்பலாம். மாத்திரை எடுக்கும் காலத்தில் கருத்தரிக்காது என்பதால், உடனே குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு இந்த வழி பொருந்தாது. ஆனால் மாத்திரை எடுத்ததால் பின்னாளில் பிள்ளைப்பேறு இல்லாமல் போகும் என்பது உண்மையல்ல.

எடை: எந்த மருந்து என்ன செய்யும்?

அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரு ஹார்மோன்களும் கலந்த மாத்திரை. ஓர் அட்டையில் 28 மாத்திரைகள். 21 ஹார்மோன், 7 இரும்புச்சத்து. இந்தக் கலப்பு மாத்திரை வகைதான் எடை விஷயத்தில் அதிகம் பழி சுமக்கிறது. உலகெங்கும் நடந்த 49 ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் அமைப்பு 2014-ல் வெளியிட்ட மதிப்பீட்டில், இந்த மாத்திரைகளால் எடை பெரிதாக ஏறுவதாகத் தெரியவில்லை. முதல் இரண்டு மூன்று மாதங்களில் சிலருக்கு உடம்பில் நீர் கோத்து, மார்பகம் கனத்து, எடை சற்றுக் கூடியதாகத் தோன்றும். பெரும்பாலும் அது தானாகத் தணியும். பிறகு இந்தக் கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது? அறுபதுகளின் மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன் இன்றையதைவிடப் பல மடங்கு அதிகம். எண்டோமெட்ரியோசிஸுக்கு ஒரு காலத்தில் பரவலாகக் கொடுக்கப்பட்ட டேனசால் என்ற மருந்தோ உண்மையிலேயே எடையை ஏற்றியது, முகப்பருவையும் முகத்தில் முடியையும் தந்தது. அந்த மருந்தை இப்போது அரிதாகவே எழுதுகிறார்கள். மருந்து போனாலும் பயம் தங்கிவிட்டது.

அடுத்தது புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரைகள். எண்டோமெட்ரியோசிஸுக்கென்றே தினமும் 2 மில்லிகிராம் அளவில் தரப்படும் டயனோஜெஸ்ட் இந்த வகை. திருவிழா, கல்யாணம் என்று விலக்கைத் தள்ளிப்போட மெடிக்கல் கடையில் கேட்டு வாங்குகிறார்களே, அந்த நோரெத்திஸ்டிரோனும் இந்த வகைதான். சிலருக்குப் பசி கூடும், எடையும் ஏறலாம். புரோஜெஸ்டின் மட்டும் உள்ள கருத்தடை முறைகளைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில், ஓராண்டில் கூடிய எடை சராசரியாக 2 கிலோவுக்கும் குறைவு. கர்ப்பப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனத்தில் மருந்து பெரும்பாலும் அந்த இடத்திலேயே வேலை செய்வதால், எடை மீதான தாக்கம் சிறிதே.

பயத்துக்கு உண்மையிலேயே இடமுள்ளது ஊசியில்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தாரா என்ற கருத்தடை ஊசி வலியைக் குறைக்கும். ஆனால் எடை ஏறுவதற்கான சான்று மற்றவற்றைவிட இதற்கு வலுவானது. முதல் 6 மாதங்களில் எடை 5 சதவீதத்துக்கு மேல் கூடியவர்களுக்குத் தொடர்ந்தும் எடை ஏற வாய்ப்பு அதிகம். 50 கிலோ உள்ள பெண்ணுக்கு அது இரண்டரைக் கிலோ. அந்த அளவைத் தாண்டினால் வேறு மருந்துக்கு மாறலாமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். நீண்டகாலம் போட்டால் எலும்பின் அடர்த்தி குறையக்கூடும். நிறுத்திய பிறகு கருத்தரிக்கப் பல மாதங்கள் ஆகலாம். இவை இரண்டையும் ஊசி போடும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

மருந்து இல்லாமலும் எடை ஏறும்

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் உள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேர் உயரத்துக்கு மிஞ்சிய எடையுடன் இருப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இவர்களில் ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்கள் மிகச் சிலரே. நம் மாநிலத்தில் குடும்பக் கட்டுப்பாடு என்றால் பெரும்பாலும் ஆபரேஷன்தான். வயது, உட்கார்ந்த வேலை, ஹாஸ்டல் சாப்பாடு, தைராய்டு என்று எடை ஏறக் காரணங்கள் பல. வலியால் மாதத்தில் பல நாட்கள் படுத்தே கிடப்பதும் அவற்றில் ஒன்று. வலி அடங்கிய பெண் மறுபடி நடக்கவும் வேலை செய்யவும் தொடங்குகிறாள். அந்த நன்மையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இந்த நோயால் வரும் உப்புசம் வயிற்றைப் பெரிதாகக் காட்டும், ஆனால் அது கொழுப்பல்ல. ஆகவே கண்ணாடியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மாத்திரை தொடங்கும் நாளிலேயே எடை பார்த்து எழுதிவைத்து, பிறகு மாதம் ஒருமுறை அதே மெஷினில் பார்ப்பது நல்லது.

இன்னொரு குழப்பமும் உண்டு. பிசிஓஎஸ் எனப்படும் நீர்க்கட்டிப் பிரச்சினையும் சாக்லேட் கட்டியும் ஒன்றல்ல. நீர்க்கட்டி உள்ளவர்களில் எடை கூடுதலாக இருப்பவர்களுக்கு எடை குறைத்தால் விலக்கு சீராவது உண்மை. எண்டோமெட்ரியோசிஸ் ஒல்லியான பெண்களுக்கும் தாராளமாக வருகிறது. “வெயிட்டைக் குறை, வலி போய்விடும்” என்று சொல்லித் திருப்பி அனுப்பப்படும் பெண், வலிக்கான சிகிச்சையை இழக்கிறாள்.

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

கலப்பு மாத்திரை எல்லோருக்கும் உகந்ததல்ல. ரத்த அழுத்தம் அதிகம் உள்ளவர்கள், காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள், கண்முன் மின்னல் கோடுகள் தோன்றி ஒற்றைத் தலைவலி வருபவர்கள், கல்லீரல் நோய், மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள், பிள்ளை பெற்ற புதிதில் பாலூட்டுபவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். உடல் எடை மிக அதிகமாக இருந்தால் ரத்தம் உறையும் அபாயம் சற்றுக் கூடும் என்பதால், எடையை மறைக்காமல் பேசுவது அவசியம். காசநோய்க்கு ரிஃபாம்பிசினோ, சில வலிப்பு மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு இதன் பலன் குறையும். மாத்திரை எடுக்கும்போது ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, பார்வை மங்கினாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

சாக்லேட் கட்டி பெரிதாகிவிட்டாலோ மருந்துக்கு வலி அடங்காவிட்டாலோ லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சை தேவைப்படலாம். ஆனால் “கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம்” என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம். நோய் இருப்பது கர்ப்பப்பைக்கு வெளியே. கர்ப்பப்பையை எடுத்தும் வலி தொடர்ந்தவர்கள் உண்டு. வேறொரு மருத்துவரின் கருத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். கடலூரிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம்தான்.

இனி மருத்துவர்களிடமும் சுகாதாரத் துறையிடமும் ஒரு வேண்டுகோள். ஹார்மோன் மருந்து எழுதும்போதே எடையையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துச் சீட்டில் குறியுங்கள். ‘எடை ஏறுமா?’ என்று அந்தப் பெண் கேட்காவிட்டாலும் நீங்களே அந்தப் பேச்சை எடுங்கள். மூன்று மாதம் கழித்து வரச் சொல்லும்போது, பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ள வேறு மருந்து உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கிராம சுகாதார செவிலியர்களுக்கு மாலா-என் கருத்தடை மாத்திரையாக நன்றாகவே தெரியும். அந்த வகை மாத்திரை வலியைத் தணிக்கும் மருந்தும் ஆகும் என்பதை அவர்கள் வாயிலாகவே ஊருக்குள் கொண்டுசெல்லலாம்.

வலியோடு வாழும் பெண்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: உடல் எடையைப் பற்றிக் கவலைப்படுவது உங்கள் உரிமை, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தக் கவலையைச் சொல்ல வேண்டிய இடம் டாக்டரின் மேசை. சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினால் வலி மட்டும்தான் மிஞ்சும். சொன்னால் உங்களுக்குப் பொருந்துகிற மருந்தைத் தேட முடியும்.