டோக்கனை எடுத்தாயா?

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் டேனரிகளில் ஆள் உயரத்தைத் தாண்டிய மர டிரம்கள் உண்டு. தோலையும் ரசாயனத்தையும் போட்டு உருட்டுவார்கள். ரிப்பேருக்கு உள்ளே இறங்குமுன் விவரமான எலெக்ட்ரீஷியன் ஃப்யூஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். ‘நான் வெளிய வந்தாத்தான் டிரம்மு சுத்தும்!’ கம்ப்யூட்டர்காரர்கள் இதற்கு ‘லாக்’ என்று பெயர் வைத்து, பி.எச்டி.யும் வாங்குகிறார்கள்.

நாலு பேர் இறங்கினால்? ஆளுக்கொரு டோக்கனை ஆணியில் மாட்டிவிட்டுப் போகணும், வரும்போது எடுக்கணும். ஆணி காலியானால்தான் ஃப்யூஸ். இது ‘ரெஃபரன்ஸ் கவுன்ட்’. உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் ஓடும் லீனக்ஸ் கெர்னலில் எங்கே பார்த்தாலும் இந்த ஆணிகள்தான்.

வேலை முடித்து வாசல் வழியாக வருகிறவர்களால் தொல்லையில்லை. ‘தோ வந்துட்றேன்’ என்று ஒருத்தர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதியில் ஓடுகிறார் பாருங்கள், டோக்கன் மறந்துபோவது அங்கேதான். புரோகிராமிலும் அப்படியே. அவசர வழியில் தினம் யார் நடக்கிறார்கள்?

2016 ஜனவரியில் பெர்செப்ஷன் பாயின்ட் என்ற கம்பெனி ஒன்றை வெளியிட்டது. லீனக்ஸில் ரகசியச் சாவிகளை வைத்திருக்கும் பகுதிக்குப் பெயரே ‘கீரிங்’, சாவிக்கொத்து. ஒரு புரோகிராம் தன் இடுப்பில் இருக்கும் அதே கொத்தை மறுபடி கேட்டால், கெர்னல் ஒரு டோக்கன் மாட்டும். ‘அட, இது உங்ககிட்டயே இருக்கே!’ என்று பாதியில் திரும்பிவிடும். டோக்கன் ஆணியிலேயே தொங்கும். 2013-ல் வந்த 3.8 பதிப்பிலிருந்தே இந்தக் கதை.

ஒரு டோக்கன் மிஞ்சினால் டிரம் சும்மா நிற்கும், முதலாளிக்கு நஷ்டம், நமக்கென்ன என்பீர்கள். எண்ணிக்கைக்கு ஒதுக்கியது 32 பிட் இடம். 429 கோடிச் சொச்சம் தடவை கேட்டால், பழைய ஸ்கூட்டர் மீட்டர் 99999-க்கு அப்புறம் காட்டுமே, அதேமாதிரி பூஜ்யம்! ஆணி காலி, போடு ஃப்யூஸை! உள்ளே ஆள் இருக்கிறார் ஐயா! 429 கோடி தடவைக்கு ஒரு சாதாரண லேப்டாப் எடுத்துக்கொண்டது சுமார் அரை மணி. அப்புறம், காலியென்று விட்ட இடத்தில் திருடன் உட்கார்ந்து மெஷினுக்கே எஜமானன் ஆகலாம்.

வைத்தியம் ஒரே வரி. திரும்புமுன் டோக்கனை எடு.

2017-ல் 4.11 பதிப்பில் புது மீட்டர் வந்தது. உச்சிக்குப் போனால் அங்கேயே நின்றுவிடும், சுற்றாது. டிரம் துருப்பிடிக்கட்டும், ஆள் பிழைக்கட்டும் என்ற கணக்கு. எனக்குப் பிடித்த கணக்கு.

2023-ல் 6.5 பதிப்பில் பீட்டர் ஸைல்ஸ்ட்ரா ஒருபடி மேலே போனார். டோக்கனுக்கும் ஆள் இடுப்புக்கும் கயிறு. எந்த வழியில் ஓடினாலும் டோக்கன் தானாகக் கழன்று கூடவே வரும். எல்லாருக்கும் சந்தோஷமா? நெட்வொர்க் பகுதியைக் கவனிக்கிறவர்கள், இந்தத் தானியங்கி சமாசாரத்தில் சந்தேகம் என்று தங்கள் விதிமுறையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் எலெக்ட்ரீஷியன் கட்சி. ஃப்யூஸ் கேரியர் சட்டைப்பையில் கனக்க வேண்டும், தொட்டுப் பார்க்க வேண்டும்.