மிச்சமான உழைப்பு யாருக்கு?

பழைய தறியைக் கழற்றிவிட்டுப் புதுத்தறி மாட்டுவது மில் தொழிலாளிக்குத் தெரிந்த சங்கதி. கம்ப்யூட்டருக்குள்ளும் இன்று அதுதான் நடக்கிறது. கணக்கை எப்படிப் போடுவது என்று கம்ப்யூட்டருக்கு எழுதிவைத்த கட்டளைகளுக்குப் புரோகிராம் என்று பெயர். 1959-ல் உருவாகத் தொடங்கிய கோபோல் என்ற மொழியில் எழுதப்பட்ட புரோகிராம்கள் பல நாடுகளின் பாங்குகளிலும் சர்க்கார் இலாகாக்களிலும் இன்னும் ஓடுகின்றன. அதை அறிந்தவர்களில் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். 2020-ல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் வேலை இழந்தோர் நிவாரணம் கேட்டுக் குவிந்தபோது, கோபோல் தெரிந்தவர்கள் உதவிக்கு வரும்படி கவர்னரே வேண்டினார்.

பழையதைப் புதுப்பிக்கத்தான் வேண்டும். அந்த வேலையை இப்போது செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைக்கிறார்கள். அமேசான் கம்பெனி தன் ஜாவா மொழிப் புரோகிராம்களை இப்படிப் புதுப்பித்தது. 50 நாள் பிடித்த வேலை சில மணி நேரத்தில் முடிகிறது, 4,500 ஆள்-ஆண்டு உழைப்பு மிச்சம், ஆண்டுக்கு 26 கோடி டாலர் ஆதாயம் என்று அதன் தலைவர் ஆண்டி ஜாஸி 2024 ஆகஸ்டில் அறிவித்தார்.

மிச்சமான உழைப்பு உழைத்தவனுக்கு ஓய்வாகத் திரும்பியதா? வரும் ஆண்டுகளில் அலுவலக ஊழியர் தொகை நுண்ணறிவால் குறையும் என்று 2025 ஜூனில் அவரே எழுதினார். அக்டோபரில் சுமார் 14,000 இடங்களை வெட்டுவதாகக் கம்பெனி அறிவித்தது. அதற்குக் காரணம் நுண்ணறிவு அல்ல என்றார். காரணம் எதுவாயினும் வேலை போனது ஊழியனுக்கு, ஆதாயம் கம்பெனிக்கு.

கணக்குப் பிசகினால் என்ன ஆகும்? பிரிட்டிஷ் தபால் நிறுவனத்தின் ஹொரைசன் புரோகிராம் மனிதர் எழுதியதே. அது காட்டிய பொய்ப் பற்றாக்குறையை நம்பி, 1999 முதல் 2015 வரை 900-க்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். கம்ப்யூட்டர் சரியாகவே வேலை செய்யும் என்று கோர்ட்டுகளும் எடுத்துக்கொண்டன. 2024-ல் தனிச்சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்துச் செய்ய நேர்ந்தது. மனிதன் எழுதியதற்கே இந்தக் கதி என்றால், இயந்திரம் எழுதி அவசரத்தில் கையெழுத்தான புரோகிராம் நமது பி.எப். கணக்கைத் தப்பாகப் போட்டால் பதில் சொல்வது யார்?

இதனால்தான் சட்டக் கட்டுப்பாடு பற்றிய விவாதம். ஐரோப்பிய யூனியனின் சட்டம் 2024 ஆகஸ்டு 1-ல் அமலுக்கு வந்தது. ஆளெடுப்பிலும் வேலைநீக்கத்திலும் நுண்ணறிவைப் புகுத்துவதை அபாயம் மிகுந்தது என்று அது வகைப்படுத்துகிறது. கலிபோர்னியா சட்டசபை நிறைவேற்றிய பாதுகாப்பு மசோதாவையோ 2024 செப்டம்பரில் கவர்னர் நியூசம் நிராகரித்தார். கட்டுப்பாடு வந்தால் வளர்ச்சி நின்றுவிடும் என்று கம்பெனிகள் கூக்குரலிடுகின்றன. வேலை நேரத்துக்கு வரம்பும் இயந்திரத்துக்கு வேலியும் கேட்ட காலத்திலும் இதே கூக்குரல்தான். 1948-ல் பாக்டரிச் சட்டம் வந்தது; அதனால் தொழில் அழிந்துவிடவில்லை.

இயந்திரம் நமக்குப் பகையல்ல. ஆனால் நிபந்தனைகள் தேவை. பழைய புரோகிராமும் புதியதும் சேர்ந்து ஓடி, ஒரே கணக்கைக் காட்டும்வரை பழையதை நிறுத்தக் கூடாது. பிசகுக்குக் கம்பெனியே பொறுப்பேற்க வேண்டும். கணக்கைக் கேட்டுப் பார்க்கும் உரிமை தொழிலாளிக்கு வேண்டும். ஆட்குறைப்புக்கு முன் சங்கத்துடன் பேச வேண்டும். மிச்சமான நேரத்தில் உழைப்பவனுக்கும் பங்கு வேண்டும்.

இக்கோரிக்கைகளைச் சங்கக் கூட்டங்களில் விவாதியுங்கள். சம்பளச் சீட்டையும் பாங்குப் பாஸ்புத்தகத்தையும் பத்திரப்படுத்துங்கள். கம்ப்யூட்டர் தப்பு செய்தால், அதை எதிர்க்க நம் கையிலிருக்கும் சாட்சி அந்தக் காகிதமே.