வண்ணக்குச்சியைக் கண்டு வந்த அச்சம்

2025 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 9 ஆம் நாள், கிழக்கு ஜெருசலத்திலே ஒரு புத்தகக் கடைக்குள் இஸ்ரேல் காவலர் நுழைந்தனர். அலமாரிகளைக் கலைத்தனர், ஏடுகளை மூட்டை கட்டினர், கடைக்குரியார் இருவரைக் கைது செய்தனர். கலகத்தைத் தூண்டும் நூல்களை விற்றனராம்! அதற்குச் சான்றாக அவர்கள் தூக்கிக் காட்டியது எது தெரியுமா, நண்பரே? வெடிகுண்டு செய்யும் வகை கூறும் நூலையா? இல்லை. குழந்தைகள் வண்ணம் தீட்டும் புத்தகமொன்றை!

படை உண்டு, பட்டாளம் உண்டு, வானை அளக்கும் போர் விமானம் உண்டு. அத்தனையும் உடைய அரசு, குழந்தையின் கையிலுள்ள வண்ணக்குச்சியைக் கண்டு அஞ்சுகிறது. நகைப்பு வருகிறதா? நகைத்துவிட்டு மேலே படியுங்கள்; அந்த அச்சத்திலே பொருள் இருக்கிறது.

1948 இல் பாலஸ்தீன மக்கள் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊரிழந்தனர். நானூறுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் வெறுமையாயின. வீட்டை இடிக்கலாம், வரைபடத்திலே பெயரை மாற்றலாம். பாட்டியின் நாவை என்ன செய்வது? குளிர்கால இரவுகளிலே, மூதாட்டியர் பெண்டிரையும் பிள்ளைகளையும் சுற்றி அமர்த்திக் கதை சொல்வது அந்நாட்டு மரபு. ‘ஹிகாயே’ என்பர். ஆடவர் அங்கே அமர்வது அழகன்று என்று ஒதுங்கினர். ஒதுங்கியவர் அறியவில்லை, ஊரின் பேச்சும் உணவும் ஊடலும் பகடியும் அந்த அடுப்படியிலேதான் காக்கப்படுகின்றன என்பதை! இப்ராகிம் முகாவியும் ஷரீப் கனானாவும் மூதாட்டியர் வாய்மொழியைத் தேடிச் சென்று, தேர்ந்த 45 கதைகளை 1989 இல் நூலாக்கினர். 2005 இல் யுனெஸ்கோ அம்மரபினைப் போற்றி அறிவித்தது.

பிறகு நடந்ததையும் மறைக்காது சொல்ல வேண்டும். 2007 இல் ஹமாஸ் வசமிருந்த பாலஸ்தீனக் கல்வித் துறை, அதே நூலைப் பள்ளி நூலகங்களிலிருந்து நீக்க ஆணையிட்டது. கதைகளிலே கொச்சைச் சொற்கள் உள்ளனவாம்! எழுத்தாளர்கள் கொதித்தெழுந்த பின்னரே ஆணை பின்வாங்கப்பட்டது. பகைவன் பறித்தால்தான் கொள்ளையா? பாட்டியின் வாயைப் பேரனே பொத்தினால் அதற்கு வேறு பெயரா?

அக்கா என்னும் கடற்கரை நகரிலே பிறந்து, 12 வயதில் அகதியானவர் கசான் கனபானி. 1963 இல் தம் தமக்கை மகள் லமீசின் பிறந்தநாளுக்கென்று, தாமே எழுதித் தாமே படம் தீட்டி, ‘சின்ன விளக்கு’ என்றொரு கதை தந்தார். கதிரவனை அரண்மனைக்குள் கொணர்ந்தால்தான் அரசியாகலாம் என்று ஓர் இளவரசிக்கு நிபந்தனை. இறுதியிலே சுவர்கள் வீழ்கின்றன; சின்னஞ்சிறு விளக்கேந்திய மக்கள் உள்ளே வர, அரண்மனை ஒளி வெள்ளத்தில் மிதக்கிறது. அக்கதையிலே வசை இல்லை, வஞ்சினம் இல்லை. 1972 ஜூலை 8 இல் பெய்ரூத்தில், காரில் வைத்த குண்டு வெடித்து கனபானி மாண்டார். உடன் மாண்டவள், கதையைப் பரிசாகப் பெற்ற அந்த லமீஸ்.

நாடகம் எழுதுவோன் என்ற முறையிலே ஒன்று கூறுவேன். மேடையிலே அழுகை ஓயாது தொடர்ந்தால், பார்ப்போர் கண்ணீர் வற்றிவிடும். பாலஸ்தீனச் சிறுவனைப் பிணமாகவும் அகதியாகவும் மட்டுமே காட்டும் ஏடு, இரக்கத்தை ஈட்டித் தரலாம். அச்சிறுவனுக்குப் பெருமிதம் தராது. ஆலிவ் மரமும் பழைய சாவியும் பூத்தையலும் தீட்டி முடித்துக் கொள்வோரும் உளர். அது சுவர் நாட்காட்டிக்குப் போதும். அந்த மரத்திலே ஏறி விழுந்தவன் யார், அந்த ஆடையைத் தைத்தவள் யாரோடு சண்டையிட்டாள், இதையல்லவா குழந்தை கேட்கும்!

“பிஞ்சு நெஞ்சிலே அரசியலா?” என்று சீறுவோர்க்கு ஒரு வினா. “அப்பா, நம் ஊர் எது?” என்று மகள் கேட்கிறாள். விடை சொன்னால் அரசியல். சொல்லாமல் விட்டால் மட்டும் அரசியல் இல்லையா?

ஹன்னா முஷாபெக்கின் தந்தை சொல்லாமல் விடவில்லை. அமெரிக்காவிலே, உறங்கப்போகும் வேளையில் தம் பெண்மக்களுக்கு ஜெருசலத்துப் பழைய நகரின் தெருக்களையும், தாம் சிறுவனாகச் சென்று கண்ட பாட்டன் பாட்டியையும் கதையாகச் சொன்னார். மகள் அதனைக் குழந்தைகள் நூலாக்கி, 2023 இல் வெளியிட்டார்.