திண்டுக்கல் டிராகன்ஸ்: பதினோரு பேர் சரி, பெஞ்சில் யார்?

ரெட்டியார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் காலை நேரம் நின்று பாருங்கள். திண்டுக்கல்லுக்கு ஆபீஸ் போகிறவர்கள், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கிளம்பியவர்கள், கல்லூரிப் பையன்கள். டி.என்.பி.எல். கிரிக்கெட் சீசன் வரப் போகிறது என்றால் பஸ் வருகிற வரைக்கும் ஒரே பேச்சுதான். இந்தத் தடவை நம்ம திண்டுக்கல் டிராகன்ஸ் கோப்பையைத் தூக்குமா, தூக்காதா?

பேசுகிறவர்கள் எல்லாரும் பெரிய பெயர்களைத்தான் சொல்லுகிறார்கள். அஸ்வின், வருண் சக்கரவர்த்தி, பாபா இந்திரஜித் என்று அடுக்குகிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பையனைப் பற்றி ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. கடைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஷோகேசில் இருக்கிற சரக்கு வேறு, குடோனில் இருக்கிற சரக்கு வேறு. கூட்டம் அலைமோதுகிற நாளில்தான் குடோன் காலி என்பது தெரியும்.

திண்டுக்கல் அணிக்கு அது நாலு தடவை தெரிந்திருக்கிறது!

கணக்கைப் பாருங்கள்

2016-ல் போட்டி தொடங்கியதிலிருந்து 2025 வரை திண்டுக்கல் நாலு பைனல் ஆடியிருக்கிறது. ஜெயித்தது ஒன்று. தோற்றது மூன்று.

2018 பைனலில் மதுரை பாந்தர்சுக்கு எதிராகத் திண்டுக்கல் எடுத்தது 117 ரன். மதுரை 7 விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது. 2019 பைனலில் சேப்பாக் சூப்பர் கில்லீஸ் எடுத்ததே 126 ரன்தான். அதைக் கூட எட்ட முடியாமல் 9 விக்கெட்டுக்கு 114 ரன்னில் நின்று, 12 ரன்னில் தோல்வி. பெரியசாமி என்ற சேலம் மாவட்டத்துப் பையன் 15 ரன் கொடுத்து 5 விக்கெட்டைச் சாய்த்துவிட்டான். 2025 பைனல் நம்ம ஊர் நத்தம் ரோட்டிலேயே, என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் நடந்தது. திருப்பூர் தமிழன்ஸ் 220 ரன் குவித்தது. திண்டுக்கல் 102 ரன்னில் சுருண்டது. சொந்த மண்ணில் 118 ரன் தோல்வி!

117, 114, 102. தோற்ற மூன்று பைனலிலும் 120-ஐத் தொடவில்லை. பந்து வீச்சு, பந்து வீச்சு என்று அணியைக் கட்டியவர்கள் இந்த மூன்று எண்ணையும் ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவைக்கலாம்.

சரி, 2024-ல் ஜெயித்தார்களே என்பீர்கள். ஜெயித்தார்கள். கோவை கிங்ஸ் 129 ரன்னில் அடங்க, திண்டுக்கல் 6 விக்கெட்டில் ஜெயித்துக் கோப்பையை வாங்கியது. ஆனால் எப்படி ஜெயித்தார்கள்? எலிமினேட்டரில் அஸ்வின் 57. அடுத்த ஆட்டத்தில் அஸ்வின் அவுட் ஆகாமல் 69. பைனலில் அஸ்வின் 52. மூன்று ஆட்டத்தில் ஒரே ஆள் 178 ரன்! அவர் பந்து வீச வந்தவர், மட்டைக்காரர் அல்ல. 2025 எலிமினேட்டரிலும் அதே கதைதான். திருச்சிக்கு எதிராக 3 விக்கெட்டும் எடுத்து 83 ரன்னும் அடித்தது அதே அஸ்வின். கேப்டனே பந்து போட்டு, கேப்டனே ரன்னும் அடிக்க வேண்டுமானால் மற்றவர்கள் எதற்கு?

போலீஸ் ஸ்டேஷன் கணக்கு

கிரைம் செய்திக்காக ஸ்டேஷன் படியேறுகிறவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். ஸ்டேஷன் ரிஜிஸ்டரில் ஆள் கணக்கு நிறைய இருக்கும். கோர்ட் டியூட்டிக்கு இரண்டு பேர், பந்தோபஸ்துக்கு நாலு பேர், லீவில் ஒருத்தர் என்று போனால், ராத்திரி ரவுண்டுக்கு ஏட்டய்யா ஒருத்தர்தான் மிஞ்சுவார். கிரிக்கெட் அணியும் அப்படித்தான். பட்டியலில் இருப்பவன் எல்லாம் ஆட்டத்தன்று இருப்பான் என்று நம்பக்கூடாது.

2018 பைனல் நடந்தது ஆகஸ்ட் 12. அன்றைக்கு அஸ்வின் எங்கே? லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடிக்கொண்டிருந்தார். இங்கே திண்டுக்கல் தோற்றது, அங்கே இந்தியாவும் தோற்றது.

2023-ல் இதைவிட மோசம். குவாலிஃபையர் ஆட்டத்தில் 185 ரன் அடித்துவிட்டுத் திண்டுக்கல் நிம்மதியாக இருந்தது. நெல்லைக்குக் கடைசி 12 பந்தில் 37 ரன் வேண்டும். யார் அடிப்பார்கள் என்று டி.வி.யை அணைத்துவிட்டுப் படுத்தவர்கள் உண்டு. 19-வது ஓவரில் 33 ரன்! ஆட்டம் போச்சு. அஸ்வின் அப்போது வெஸ்ட் இண்டீசில். இரண்டு நாள் கழித்து அங்கே டெஸ்ட் தொடங்கியது, முதல் நாளே 5 விக்கெட் எடுத்தார். 19-வது ஓவரை நம்பிக் கொடுக்க இன்னொரு ஆள் நம் பெஞ்சில் இல்லாமல் போனதுதான் குறை.

ஆக ஓட்டை இரண்டு இடத்தில். ஐந்தாம் நம்பர் முதல் ஏழாம் நம்பர் வரை மட்டை பிடிக்க ஆள். கடைசி ஓவர்களுக்கு யார்க்கர் போட ஆள்.

இப்போது என்ன நிலைமை? அஸ்வின் 2024 டிசம்பரில் சர்வதேச ஆட்டத்திலிருந்தும், 2025 ஆகஸ்டில் ஐ.பி.எல்.லிலிருந்தும் விலகிவிட்டார். இனி இந்தியா கூப்பிடும் என்ற பயம் இல்லை. ஆனால் 1986 செப்டம்பரில் பிறந்தவர். 2025 நவம்பரில் முழங்கால் காயத்தால் ஆஸ்திரேலியாவின் பிக் பாஷ் போட்டிக்கே போக முடியவில்லை. அவரை நம்பி வண்டி ஓட்டுகிற காலம் முடிகிறது. வருண் கதை வேறு. 2018 பைனலில் மதுரைக்காக நம்மை எதிர்த்து ஆடியவர், பிறகு நம்ம பக்கம் வந்தார். 2025 செப்டம்பரில் உலகத்திலேயே முதல் நம்பர் டி-20 பந்து வீச்சாளர் ஆனார். அப்படிப்பட்டவரை இந்தியா எந்த நேரமும் கூப்பிடும்.

எழுபது லட்சத்தில் குடும்பம்

மேலே போட்டால் கீழே மிஞ்சாது என்பதும் ஒரு காரணம். 2023-ல் முதல் முறையாக ஏலம் வந்தது. ஒரு அணிக்கு 70 லட்சம் ரூபாய். குறைந்தது 16 பேர், அதிகபட்சம் 20 பேர் எடுக்கவேண்டும். கோவை அணி சாய் சுதர்சன் ஒருத்தருக்கே 21 லட்சத்து 60 ஆயிரம் கொடுத்தது. மிச்சம் 48 லட்சத்து 40 ஆயிரம். பதினைந்து பேருக்குப் பிரித்தால் தலைக்கு மூன்று லட்சம் சொச்சம். சம்பளக் கவரை வாங்கி வாடகை, மளிகை, பள்ளிக்கூட ஃபீஸ் என்று பிரிக்கிற குமாஸ்தாக்களுக்கு இந்த வித்தை நன்றாகவே புரியும்.

அதே 2023-ல் இம்பாக்ட் பிளேயர் முறையும் வந்தது. ஆட்டத்தின் நடுவில் ஒருவரை எடுத்துவிட்டு இன்னொருவரை இறக்கலாம். அதாவது பெஞ்சும் ஆடும். அன்றிலிருந்து பெஞ்சில் ஆள் இல்லாத அணி ஒற்றைக்காலில் ஓடுகிற மாதிரி.

விலை குறைந்த பையன் என்றால் சும்மா என்று நினைக்கவேண்டாம். 2016-ல் இதே திண்டுக்கல் சட்டையைப் போட்டுக்கொண்டு சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் சூப்பர் ஓவரில் ஆறு பந்தும் யார்க்கராகப் போட்டார். 2017 ஏலத்தில் பஞ்சாப் அவரை 3 கோடிக்கு எடுத்தது. பிறகு இந்தியாவுக்கே ஆடினார். அந்த ஒரு ஓவர் அவர் கைக்கு வராமல் இருந்திருந்தால்? பெஞ்சில் இருக்கிற பையனுக்கு ஒரு ஓவர் என்பது ஒரு வாழ்க்கை.

லீக்கில் ஒரு அணிக்கு ஏழே ஏழு ஆட்டம். இரண்டு தோற்றாலே வயிறு கலங்கும், புதுப் பையனை எப்படி இறக்குவது என்று நிர்வாகிகள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் முதல் மூன்று ஆட்டத்தில் ஐந்தாம் நம்பரில் ஒரு பையனை இறக்கி, இரண்டு தடவை அவன் சொதப்பினாலும் மூன்றாவது தடவையும் அனுப்பினால்தான் பைனலில் அவனுக்குக் கை நடுங்காது. நாலு விக்கெட் போன பிறகு பைனலில் முதல் தடவையாக அனுப்பினால் அவன் என்ன செய்வான், பாவம்!

நம்ம ஆட்களின் சங்கடம் இன்னொன்று. ராத்திரி ஏழேகாலுக்குத் தொடங்குகிற ஆட்டம் முடிய பதினொரு மணி ஆகும். நத்தம் ரோட்டிலிருந்து திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு வந்து, அங்கிருந்து பழனி ரோட்டில் ரெட்டியார்சத்திரம் திரும்பவேண்டும். 2025 ஜூலை 6 பைனலில் திண்டுக்கல் 15-வது ஓவரிலேயே ஆல் அவுட். பஸ் பிடிக்க ஓடவேண்டியவர்களுக்கு அன்றைக்குக் கிடைத்த லாபம் அது ஒன்றுதான்.