உயர்த்திய ஜீப்பும் திரும்ப மறுக்கும் ஸ்டீயரிங்கும்

கேள்வி: போடிமெட்டுக்கு மேலே ஏலத் தோட்டம் இருக்கிறது. போய் வர பழைய 4 வீல் ஜீப். கல் பாதையில் அடி தட்டுகிறதே என்று முன்னால் 2 அங்குலம் கூடுதல் நீளமுள்ள ஷேக்கிள் போட்டு, பின்னால் கூடுதல் பட்டை வைத்து 2 அங்குலம் உயர்த்தினேன். அதிலிருந்து வளைவில் ஒடித்த ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வருவதில்லை. நேர் சாலையில் அலைகிறது. காலியாக வரும்போது இன்னும் மோசம். இரண்டு முறை அலைன்மென்ட் பார்த்தும் பலனில்லை. ஸ்டீயரிங் பாக்ஸை இறுக்கிவிடலாம் என்கிறார் மெக்கானிக். தினமும் காலையில் வேலையாட்களை ஏற்றிப் போகும் வண்டி இது. என்ன செய்யலாம்?
– வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: பாக்ஸை இறுக்கும் யோசனையை வாசகர் முதலில் கைவிட வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் ஆட்டம் குறைந்ததுபோலத் தோன்றும். ஆனால் நடு நிலையில் ஸ்டீயரிங் பிடித்துக்கொள்ளும். திரும்பி வருவது இன்னும் கெடும். கோளாறு பாக்ஸில் இல்லை. கடிதத்தில் உள்ள அளவுகளே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுகின்றன.

சைக்கிளின் முன் கவையைப் பக்கத்தில் நின்று பார்த்தால், மேல்பாகம் பின்னோக்கிச் சாய்ந்திருப்பது தெரியும். அந்தச் சாய்வினால்தான் ஓடும் சைக்கிள் கையை விட்டாலும் நேராகப் போகிறது. ஜீப்பின் முன் சக்கரம் திரும்புவதற்கு அச்சாக இருக்கும் கிங்பின்னுக்கும் இதே சாய்வு உண்டு. கேஸ்டர் என்பது அதன் பெயர். வில்லிஸ் வழியில் வந்த ஜீப்புகளில் இது சுமார் 3 டிகிரி. சிறிய அளவுதான், ஆனால் ஒடித்த சக்கரத்தை நேருக்குக் கொண்டுவருவது அதுதான்.

இந்த வகை ஜீப்புகளில் முன் பட்டையின் ஷேக்கிள் பம்பர் பக்கம் இருக்கும். ஷேக்கிளை நீட்டினால் பட்டையின் முன் முனை தாழும். பட்டையோடு ஆக்ஸிலும் உருண்டு, கிங்பின்னின் மேல்பாகம் முன்னோக்கி வரும். பட்டையின் நீளம் சுமார் 36 அங்குலம். அதில் 2 அங்குலம் தாழ்ந்தால் ஏறக்குறைய 3 டிகிரி போயிற்று. இருந்ததே 3 டிகிரிதான். ஆக்ஸில் பட்டையின் நடுவில் இருப்பதால் முன்பக்கம் உயர்ந்தது 1 அங்குலம் மட்டுமே. பின்பக்கமோ 2 அங்குலம் உயர்ந்திருக்கிறது. இதனால் வண்டி மூக்குக் குனிந்து, மேலும் அரை டிகிரிக்குச் சற்று அதிகமாகக் குறைகிறது. ஆக, கிங்பின் இப்போது தலைகீழாகச் சாய்ந்து நிற்கிறது. பின்னால் ஆட்கள் ஏறினால் பின்பக்கம் அமுங்கிக் கொஞ்சம் சரியாகும். காலியாக வந்தால் மோசமாகும். வாசகர் எழுதியிருப்பதும் அதைத்தான்.

அலைன்மென்ட் கடையைக் குறை சொல்வதற்கில்லை. ஒரே தண்டாக இருக்கும் முன் ஆக்ஸிலில் அங்கே மாற்ற முடிவது டை ராடு வழியாக டோ-இன் மட்டுமே. கேஸ்டரை மாற்ற வேண்டுமானால் ஆக்ஸிலையே உருட்ட வேண்டும்.

செலவில்லாத வேலை, நீள ஷேக்கிளைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டுவது. போன 3 டிகிரி அதிலேயே திரும்பிவிடும். பின்பக்க உயரம் மட்டும் மீதி இருப்பதால் ஒன்றேகால் டிகிரி போலக் குறை நிற்கும். அதற்கு 2 டிகிரி இரும்பு ஆப்பு போதும். பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே வைக்கும் சாய்வான தகடு இது. அலுமினிய ஆப்பு நசுங்கும், விரிசல் விடும், வேண்டாம். பட்டை ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கும் வண்டியில் ஆப்பின் தடித்த பக்கம் முன்னால் வர வேண்டும். பட்டை மேலே இருந்தால் தடித்த பக்கம் பின்னால். இதை மாற்றி வைத்துவிட்டு, ஆப்பு வேலை செய்யவில்லை என்று கழற்றிப் போடுபவர்கள் உண்டு. பட்டையின் நடு போல்ட் ஆப்பையும் தாண்டிப் பிடிக்கும் நீளத்தில் இருக்க வேண்டும். யூ போல்ட்டுகள் புதியவையாக இருக்கட்டும். நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும்.

ஆப்பு வைத்தால் முன் டிஃபரன்ஷியலின் மூக்கு சற்றுத் தாழும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் மீது கோணம் கூடும். 2 டிகிரிக்கு இது பெரிதில்லை. 6 டிகிரி வரை போனால் 4 வீல் போட்டதும் அதிர்வு வரலாம்.

இந்த வேலைக்கு முன்பே கிங்பின் பேரிங், டை ராடு முனைகள், ஷேக்கிள் புஷ் ஆகியவற்றின் தேய்மானத்தைப் பார்த்துவிட வேண்டும். தேய்ந்த புஷ்ஷோடு கேஸ்டரைக் கூட்டினால் அலைவது நின்று, உதறல் தொடங்கும்.

அடுத்தது இடைவெளி. முன் சக்கரம் ஒன்றைப் பெரிய கல்லின் மேல் ஏற்றி நிறுத்தி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை ஒடித்துப் பார்க்க வேண்டும். டயர் பட்டையில் உரசுகிறதா, டை ராடு பட்டையையோ டிஃபரன்ஷியல் மூடியையோ தொடுகிறதா, பிரேக் ஹோஸ் விறைக்கிறதா என்று ஒருவர் குனிந்து பார்க்கட்டும். பிறகு கல்லை அடுத்த சக்கரத்துக்கு மாற்றி மறுபடியும் பார்க்க வேண்டும். சமதளத்தில் உரசாத டயர் சாய்வில் உரசும். டயர் உரசினால் நக்கிளில் உள்ள ஸ்டாப் போல்ட்டை வெளியே எடுத்து லாக் நட்டை இறுக்க வேண்டும். வண்டி சற்று அகலமாகத் திரும்பும். கொண்டை ஊசி வளைவில் ஒரு முறை பின்னால் எடுக்க நேரலாம். பரவாயில்லை. உயரம் மாறியதால் ஸ்டீயரிங் சக்கரம் கோணலாக நின்றால், டிராக் லிங்க்கின் நீளத்தைத் திருத்தி நேராக்கலாம்.

கல்லில் தட்டுவது எது என்பதையும் வாசகர் படுத்துப் பார்ப்பது நல்லது. தட்டுவது டிஃபரன்ஷியல் பானை என்றால், ஷேக்கிளோ பட்டையோ அதை நூலளவும் உயர்த்தாது. அவை சேஸிஸைத்தான் தூக்கும். பானையை உயர்த்துவது டயர் மட்டுமே. பாதையில் துருத்தி நிற்கும் நாலைந்து கற்களைக் கடப்பாரையால் பெயர்ப்பது இரண்டையும்விட மலிவு.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் இதில் வருகிறது. தயாரிப்பாளரின் அளவுகளிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டில் முதலில் எழும் கேள்வி இதுவாக இருக்கலாம்.

பழைய ஷேக்கிளை மாட்ட ஒரு நாள் வேலைகூட ஆகாது. அது முடியும்வரை ஆட்கள் வேறு வண்டியில் போகட்டும். முடிந்ததும் காலி வண்டியைக் களத்தில் மெதுவாக ஓட்டி, ஒடித்த ஸ்டீயரிங்கைக் கையில் தளர்வாக விட்டுப் பார்க்க வேண்டும். இரு பக்கமிருந்தும் தானாக நடுவுக்கு வந்தால் மலைச் சாலையில் ஏற்றலாம். ஒரு பக்கம் மட்டும் வந்தால், இரு பக்க ஆப்புகளும் ஒரே அளவுதானா, ஒரே திசையில்தான் இருக்கின்றனவா என்று மறுபடி பார்க்க வேண்டும்.