காரணம் காணாமை நோயின்மை ஆகுமா?

புறக்கோட்டைப் புடைவைக் கடையொன்றிலே நாள்முழுதும் நின்று பணிபுரியும் பெண்ணொருத்தி மயங்கி விழுகின்றாள். முகத்தில் நீர் தெளிக்கப்படுகின்றது, சோடா பருக்கப்படுகின்றது. மறுமுறை விழும்போது இரக்கம் குறைகின்றது. மூன்றாம் முறை அவள் 'நடிப்புக்காரி' ஆகின்றாள். வைத்தியசாலையிலே படுக்கவைத்து இரத்த அமுக்கம் அளக்கப்படுகின்றது. இரத்தப் பரிசோதனையும் குறையேதும் காட்டுவதில்லை. 'ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பயம்' என்ற தீர்ப்போடு அவள் திருப்பி அனுப்பப்படுகின்றாள். தலைச்சுற்றும் தீராக் களைப்பும் அவளுடனேயே திரும்புகின்றன.

இத்தீர்ப்பிலுள்ள தருக்கப்பிழை பாரதூரமானது. 'காரணம் புலப்படவில்லை' என்பது வைத்தியரின் அறிவு பற்றிய கூற்று. 'நோயில்லை' என்பது நோயாளியின் உடல் பற்றிய கூற்று. முன்னதிலிருந்து பின்னதைப் பெறுவதற்கு அளவையியலில் இடமில்லை.

இப்பிழைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1955இல் இலண்டன் ரோயல் ஃப்ரீ வைத்தியசாலையின் ஊழியர் ஏறத்தாழ முந்நூறு பேர் களைப்பும் தலைச்சுற்றும் தசைநோவும் உற்று வீழ்ந்தனர். 1970இல் மக்எவிடி, பியேட் என்னும் உளமருத்துவர் இருவர், நோயாளரை நேரிற் பரிசோதியாது, பழைய குறிப்பேடுகளைக் கொண்டே அதனைக் கூட்டு ஹிஸ்டீரியா என்றனர். பாதிக்கப்பட்டோருட் பெண்கள் மிகுந்திருந்தமையும் அவர்களுக்குச் சான்றாயிற்று! 2015இலேயே அமெரிக்க மருத்துவ நிறுவகம் நாட்பட்ட களைப்பு நோயை உடலின் பல தொகுதிகளைத் தாக்கும் கடும்நோய் என அறிவித்தது. இடைப்பட்ட தசாப்தங்களிற் பழிசுமந்தோர் எத்தனை பேர்!

வறிய நாட்டிலே நுண்ணிய பரிசோதனைகளுக்கு வசதி ஏது எனச் சிலர் வினவுவர். எழுந்து நிற்கையில் இரத்தம் கால்களுக்கு இறங்குகின்றது. நாளங்கள் சுருங்கி அதனை ஈடுசெய்தல் வேண்டும். அது பிழைக்கும் சிலரிடத்து இதயம் விரைந்து துடிக்கின்றது. இந்நிலையை ஷொண்டோர்வ், லோ என்னும் ஆய்வாளர் 1993இல் வரையறுத்தனர். நின்ற பத்து நிமிடங்களுள், இரத்த அமுக்கம் வீழாமலே, வளர்ந்தோரின் துடிப்பு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் உயர்தல் அதன் முதன்மையான அளவுகோல். இதனைக் காண ஒரு கட்டில், ஒரு கடிகாரம், இரத்த அமுக்கமானி, பத்து நிமிடம் என்பனவே போதும். இல்லாதது வசதியன்று, அக்கறையே. எல்லா மயக்கத்துக்கும் இதுவே காரணமன்று. ஆயினும் நிற்கும்போது விழுபவளைப் படுக்கவைத்து மட்டும் சோதிப்பது எவ்வகை நியாயம்?

பிழை வைத்தியசாலையோடு முடிவதில்லை. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் சுகவீனத்துக்கும் சொந்த அலுவல்களுக்குமாகச் சேர்த்து ஆண்டுக்கு ஏழு நாள் விடுமுறையே வழங்குகின்றது. மாதந்தோறும் மயங்குபவளுக்கு அது எம்மாத்திரம்? கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் கடை ஊழியரின் இருக்கை உரிமையைச் சட்டமாக்கின. வாடிக்கையாளர் இல்லாத பொழுதிலும் ஊழியர் நின்றே தீரவேண்டும் என்னும் வழக்கம், வணிகத்துக்கு இன்றியமையாததன்று. அதிகாரத்தின் அடையாளமே அது.

கடை முதலாளி ஓர் இருக்கை தருதல் வேண்டும். சட்டம் நெடுநாள் நோயாளிக்கு இடந்தருதல் வேண்டும். நாளைய வைத்தியராகப் பல்கலைக்கழகத்திலே பயிலும் மாணவரோ, 'அறியேன்' என்று சொல்லக் கற்றல் வேண்டும். அதற்கு முன்னர், நோயாளியை ஒருமுறை எழுந்து நிற்கச் சொல்லிப் பார்த்தல் வேண்டும்.