வெட்கப்பட்டால் அடங்குமா?

ஆற்றங்கரை ஊர் ஒன்றின் பால்வாடி அது. வாசல்நடையில் மூன்று வயதுப் பையன் இடுப்பில் துணியில்லாமல் நின்றான். ஈர டவுசரை அவன் கையிலேயே கொடுத்திருந்தார்கள். உள்ளே மற்ற பிள்ளைகள் "சீ, சீ" என்று சிரித்தன. "வெட்கம் வந்தாத்தான் அடங்குவான்" என்றார் ஆயா. கூட்டிப்போக வந்த ஆச்சி, "சரியாத்தான் செஞ்சிருக்க தாயி" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. பெற்றவர்களும் வளர்ப்பவர்களும் சேர்ந்து நம்பும் பொய் இது.

ஒண்ணுக்கை அடக்குவது ஒழுக்கம் சார்ந்த விஷயமே இல்லை. மூத்திரப்பை நிறைந்ததை உணர்ந்து, கழிப்பறை வரை தாங்கிக்கொள்ளும் பக்குவம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டு வயதிலிருந்து நான்கு வயதுக்குள் மெல்ல மெல்ல வருகிறது. ராத்திரிக்கு இன்னும் நாளாகும். ஐந்து வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர்வரை பாயை நனைக்கிறார்கள். "எங்களை அடிச்சுத்தான் பழக்குனாங்க, நாங்க நல்லா இல்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. சேவல் கூவியா பொழுது விடிகிறது? அவர்கள் நனைப்பதை நிறுத்தியது வயது ஏறியதால்.

வெட்கம் கெடுதலும் செய்கிறது. பயந்த பிள்ளை ரெண்டுக்கு வந்தாலும் சொல்லாமல் அடக்கிவைக்கிறது. மலம் இறுகிக் குடலில் தங்குகிறது. அது மூத்திரப்பையை நெருக்க, டவுசர் முன்னைவிட அதிகமாக நனைகிறது. அதற்கு மறுபடி ஒரு அடி.

இன்னொரு வழக்கம், தண்ணீரைக் குறைப்பது. மதியத்துக்கு மேல் தம்ளரை எடுத்து ஒளித்துவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தாமிரபரணி ஓடும் ஊரில், வெயில் கொளுத்தும் சித்திரையில், பிள்ளைக்குக் குடிக்கத் தண்ணீர் கிடையாது! தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கலும் மூத்திரக் கடுப்பும்தான் கூடும்.

தண்டித்தால் அடங்கும் என்கிற இந்த நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பொதிகைக்கு அந்தப் பக்கம் பார்த்தோம். 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்தில், கேரள மாநிலக் குழந்தைகள் நல மன்றத்தின் காப்பகத்தில், படுக்கையை நனைத்ததற்காக இரண்டரை வயதுப் பெண் குழந்தையின் உடலில் காயம் ஏற்படுத்தியதாக மூன்று ஆயாக்கள் கைதானார்கள். அதைப் படித்துப் பதறியவர்களில் எத்தனை பேர் தங்கள் வீட்டுப் பிள்ளையிடம் "சூடு வச்சிருவேன்" என்று சொல்லாதவர்கள்? பொறுப்பில் இருக்கும் குழந்தையை வதைக்கும் காப்பக ஊழியருக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 75ஆம் பிரிவு ஐந்தாண்டுவரை கடுங்காவல் விதிக்கிறது. மனத்துன்பமும் அதில் சேரும்.

ஆயாவை மட்டும் திட்டி முடித்துவிடவும் எனக்கு மனம் வரவில்லை. சமைப்பவர், பெருக்குபவர், பிள்ளைகளுக்கு ஊட்டுபவர், கழுவிவிடுபவர் எல்லாம் ஒரே பெண். குழாயில் தண்ணீர் வராது, மாற்றுத்துணியும் இருக்காது. பீடி சுற்றவும் நடவுக்கும் போகிற தாய்மார் அவரை நம்பித்தான் பிள்ளையை விட்டுப் போகிறார்கள். இந்தப் பால்வாடிகளை நடத்தும் அரசுத் திட்டம் 1975இல் தொடங்கியது. ஐம்பது வருடமாகியும் ஒரு வாளித் தண்ணீரும் இன்னொரு கையும் கொடுக்க முடியவில்லை என்றால் அது அரசின் குற்றம். கட்டணம் வாங்கும் தனியார் மழலையர் பள்ளிகளோ, "டாய்லெட் ட்ரெய்னிங் ஆயிருச்சா?" என்று கேட்டு, ஆகாத பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்புகின்றன. இது அதைவிடப் பெரிய அநியாயம்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். நனைந்தால் தனியே அழைத்துக் கழுவி, வேறு துணி போட்டு, விளையாட விடுங்கள். பழகிய பிள்ளை திடீரென்று நனைத்தாலோ, போகும்போது எரிகிறது என்று அழுதாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

தாய்மாரே, நாளைக் காலையில் பிள்ளையின் பையில் இரண்டு டவுசர் கூடுதலாக வையுங்கள். சாயங்காலம் அது ஈரமாகத் திரும்பி வந்தால், அலசிக் கொடியில் போடுங்கள். பிள்ளையிடம் ஒன்றும் கேட்காதீர்கள்.